முதல் தண்ணீர் மரியாதை

மலையடிவாரக் காட்டில் சம்பங்கோரைக் குளம் என்றொரு குளம். அந்தக் குளத்துக் கோரைப் புதரில் செவந்தி என்னும் தாழைக்கோழி தன் கணவன் காத்தானோடு குடியிருந்தாள். உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் மட்டும் குங்குமத்தை அள்ளி அப்பினாற்போல ஒரு சிவப்பு. எவ்வளவு தூரத்தில் வந்தாலும் செவந்தி வருகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்ததும் பாதிப் பேர் ஒளிந்துகொள்வார்கள். அது ஏன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

குளம் என்று பேர்தான் பெரிது. வருஷத்தில் பாதி நாள் அதில் சேறுதான் இருக்கும். இத்தனைக்கும் மலையிலிருந்து இறங்கும் ஓடை பக்கத்திலேயேதான் போகிறது. ஓடையிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு வாய்க்காலும் உண்டு. எந்தக் காலத்திலோ மனிதர்கள் வெட்டினார்கள். பிறகு அவர்களுக்கு வேறு வேலை வந்திருக்கும், மறந்துவிட்டார்கள். வாய்க்காலில் மண் மேவியது. மண்மேல் உண்ணிச்செடி முளைத்தது. ஓடைத் தண்ணீர் வாய்க்கால் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே போய்க்கொண்டிருந்தது.

போன வருஷம் செவந்தி கோரைக்கு நடுவே கூடு கட்டி முட்டையிட்டாள். கூட்டைச் சுற்றித் தண்ணீர் இருந்தால் பயமில்லை. தாழைக்கோழிக் குஞ்சுகள் முட்டையோட்டைவிட்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே நீந்தத் தொடங்கிவிடும். ஆனால் குளம் வற்றிப்போனது. காய்ந்த சேற்றின்மேல் கீரி சாவகாசமாக நடந்து வந்தது. எல்லா முட்டைகளையும் குடித்துவிட்டு, வந்த வழியே போனது. அதன் பாதம்கூட நனையவில்லை.

செவந்தி அழுதாள். பறவை அழுமா என்று கேட்காதீர்கள். அழுதாள்.

அழுது முடித்த பிறகு, இந்த வருஷம் அந்த வாய்க்காலைத் தூர் வாராமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தாள். காத்தானிடம் சொன்னாள். காத்தான் நல்லவன். அதிகம் பேசமாட்டான். முட்டையிட்டதும் அடைகாக்கும் வேலையைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் அவள் வெளிவேலையைப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டான்.

தூர் வாருவது என்றால் அந்தக் காட்டில் காட்டுப்பன்றிகளை விட்டால் ஆளில்லை. மண்வெட்டியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு பிறந்தவர்கள். அவர்களுக்கு மேஸ்திரி மாயாண்டி. சேற்றில் புரண்டுகொண்டிருந்த மாயாண்டியிடம் போய், இது ஊருக்கு நல்ல காரியம், எல்லோரும் தண்ணீர் குடிக்கலாம், புண்ணியம் உண்டு என்று செவந்தி எடுத்துச் சொன்னாள்.

மாயாண்டி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டார்.

"புண்ணியத்தத் தின்னா வயிறு ரொம்பாது, தாயி. சாயங்காலம் ஆளாளுக்குக் கெழங்கோ பழமோ போட்டுரு. நாளைக்கே எறங்கிருவோம்."

கூலி வேண்டும். கூலிக்கு வசூல் வேண்டும். வசூலுக்குக் கமிட்டி வேண்டும். செவந்தி கமிட்டி ஆரம்பித்தாள். தலைவர் அவளே. உறுப்பினர்களாக இரண்டு ஆமைகள் ஆர்வத்தோடு சேர்ந்தன. ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அவை ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்குள் செவந்தி நாலு வீடு ஏறி இறங்கிவிடுவாள். அதனால் அவளே தனியாக அலைந்தாள்.

அந்த அலைச்சலைக் கேட்டால் உங்களுக்கே கால் வலிக்கும். குரங்குகள் கை நிறையப் பலாப்பழத் தோலைக் கொடுத்தன. சுளை எங்கே என்று கேட்டதற்கு, சுளையைத் தின்றால்தானே தோல் கிடைக்கும் என்று நியாயம் பேசின. கரடி இப்போதுதான் புற்றுக் கோயில் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுத்ததாகவும், இப்போது கையைக் கடிப்பதாகவும் சொன்னது. அப்படி ஒரு திருவிழா நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. மரநாய் நாளைக்கு வரச் சொன்னது. மறுநாள் போனால் அன்றைக்கும் நாளைக்கு வரச் சொன்னது. ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, "நான் தூங்கிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

சாயங்காலம் வசூலான பொருளை மாயாண்டி முகர்ந்து பார்த்தார். மற்றப் பன்றிகளும் முகர்ந்து பார்த்தன. பிறகு எல்லோரும் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள்.

 செவந்தியின் வயிற்றில் முட்டைகள் கனக்கத் தொடங்கியிருந்தன. இன்னும் சில நாளில் கூட்டில் இறங்கிவிடும். கீரி வேறு கரையில் வந்து உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டு போகிறது. போகிறபோது கோரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறது.

வேறு வழியில்லாமல் காட்டெருமை கொம்பையாவிடம் போனாள். கொம்பையா அந்தக் காட்டில் பெரிய ஆள். பலாமரத்தை ஒரு முட்டு முட்டினால் பழம் மழையாகக் கொட்டும். அவர் அசைபோட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார். இல்லை என்று சொல்லவில்லை. அதுவே செவந்திக்கு ஆச்சரியமாக இருந்தது.

"குடுக்கலாம்த்தா," என்றார் கடைசியில். "குடுத்தா எம்பேரு எங்க வரும்?"

செவந்தி இதை யோசித்திருக்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஒரு கல்லில் பெயர் செதுக்கி வாய்க்கால் கரையில் நட்டுவிடலாம் என்றாள்.

"கரையில நட்டா எவன் பாப்பான்? வாய்க்கா பிரியிற வாயில வையி. ஓடத்தண்ணி உள்ள திரும்புறப்ப மொதல்ல எம்பேர்ல பட்டுட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கணும். மொதத் தண்ணி மரியாத எனக்குத்தான். சம்மதம்னா சொல்லு, இப்பவே மரத்த முட்டுறேன்."

ஒரே ஒரு கல். அதனால் என்ன கெட்டுவிடும்? செவந்தி தலையை ஆட்டினாள். கொம்பையா முட்டினார். பன்றிகள் அன்று இரவு வயிறு புடைக்கத் தின்றுவிட்டு, மறுநாள் விடிந்ததும் வாய்க்காலில் இறங்கின.

பெயர் செதுக்கும் வேலையை முள்ளம்பன்றி முத்திருளன் எடுத்துக்கொண்டான். எலும்பையே கொறிக்கிற பல்லுக்குச் சுக்கான்கல் எம்மாத்திரம்? எழுத்து மணிமணியாக வந்தது. ஒரே குறை, வெறும் பெயரை மட்டும் எழுத அவனுக்கு மனம் வராது. 'காட்டின் காவலர், கொடை வள்ளல், கொம்பையா அவர்கள் உபயம்' என்று எழுதினான். பட்டம் கூடக்கூடக் கல்லும் பெரிதாக வேண்டியிருந்தது. பெரிய கல்லாகத் தேடி உருட்டி வந்து வாய்க்கால் வாயில் நிறுத்தினார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் செவந்தி கண் விழித்தபோது கோரைக்கு வெளியே மயில் சிங்காரம் நின்றிருந்தார். இதுவரை மூன்று தடவை வசூலுக்குப் போய், மூன்று தடவையும் அவர் வீட்டில் இல்லை என்று கேட்டுத் திரும்பியிருக்கிறாள். இன்றைக்கு அவரே வந்து, வாய்க்கால் வேலை எப்படிப் போகிறது, உடம்பு சௌகரியமா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார். தன் தோட்டத்துச் சர்க்கரைவள்ளி முழுவதையும் தோண்டிக்கொள்ளலாம். ஆனால் தன் கல் கொம்பையா கல்லுக்கு ஓர் அடி முன்னால் இருக்க வேண்டும். ஓடைப் பக்கம். அவ்வளவுதான்.

ஓர் அடி முன்னால் என்றால், முதல் தண்ணீர் சிங்காரத்தின் பெயரில்தான் படும். செவந்திக்கு அது புரிந்தது. கிழங்கும் கண்முன் தெரிந்தது. தலையை ஆட்டினாள்.

செய்தி கொம்பையா காதுக்குப் போனது. மூக்குக்கு மேல் கோபம் வந்து, இரண்டு பலாமரங்களை முட்டித் தள்ளினார். அத்தனை பழத்தையும் வசூலில் சேர்த்துவிட்டு, இன்னொரு கல்லைச் சிங்காரத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னார். அப்புறம் கேட்க வேண்டுமா? கரடி தேனடையோடு ஓடிவந்தது. புற்றுக் கோயில் திருவிழாவை அது மறந்தே போயிருந்தது. மரநாய் நாளைக்கு வரச் சொல்லாமல் இன்றைக்கே வந்தது. ஆந்தை பகலில் இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு வந்து, தன் கல் யாருடைய கல்லுக்கும் கீழே இருக்கக் கூடாது என்றது. முன்னால் வைக்க இடம் தீர்ந்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். உயரத்தில் இருப்பதும் ஒரு மரியாதைதானே.

பெரியவர்கள் மட்டும்தான் பெயர் போடுவார்களா, நாங்கள் என்ன இளைத்தவர்களா என்று எலிகள் கொடி பிடித்தன. வீட்டுக்கு ஒரு கூழாங்கல் என்று தீர்மானமாயிற்று. அணில்கள் பருக்கைக்கல் கொண்டுவந்தன. எறும்புகள் மண் உருண்டை கொண்டுவந்தன. பெரிய கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் நடுவே எங்கே சந்து இருந்ததோ, அங்கே ஏழை எளியவர்கள் தங்கள் உபயத்தைச் செருகினார்கள். கைதேர்ந்த கொத்தனார் வந்து கட்டினாலும் அப்படி நெருக்கமாக வந்திருக்காது.

வசூல் மலைபோலக் குவிந்தது. பன்றிகள் பாட்டுப் பாடிக்கொண்டு தோண்டின. உண்ணிச்செடி போயிற்று, மண் போயிற்று, ஓடையிலிருந்து குளம்வரை வாய்க்கால் பளிச்சென்று கிடந்தது. மழை பெய்து ஓடையில் வெள்ளம் வர வேண்டியதுதான் பாக்கி. செவந்திக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டில் முட்டைகள் வந்துவிட்டன. காத்தான் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தான். எழுந்தால் கீரி வந்துவிடும் என்று அவன் கூட்டைவிட்டு அந்தண்டை நகரவே இல்லை. சாயங்காலமானால் செவந்தி வந்து, இன்றைக்கு யார் கல் வந்தது, அதில் என்ன பட்டம், எந்த எழுத்து எப்படி வந்திருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொல்வாள்.

"அது கெடக்கட்டும். தண்ணி வருமா?" என்று காத்தான் கேட்பான்.

வராமல் எங்கே போகும் என்று அவள் சலித்துக்கொள்வாள். இவ்வளவு பேர் சேர்ந்து செய்கிற காரியத்தில் இப்படி அபசகுனமாகக் கேட்கிறாரே என்று வருத்தம்கூட வந்தது.

ஒருநாள் முத்திருளன் ஒரு சின்னக் கல்லைத் தடவிக்கொண்டே, எல்லார் பெயரும் இருக்கிறது, தலைவர் பெயர் இல்லாமல் நன்றாகவா இருக்கிறது என்று ஆரம்பித்தான். செவந்தி வேண்டாம் என்றாள். அவன் மறுபடி சொன்னான். மறுபடி வேண்டாம் என்றாள், ஆனால் குரல் இறங்கியிருந்தது. அவன் இன்னொரு தடவை சொன்னபோது, வேண்டாம் என்பதற்குப் பதிலாக, எழுத்து ரொம்பப் பெரிதாக இருக்க வேண்டாம் என்றாள்.

அந்தக் கல் எல்லாவற்றுக்கும் நடுவே, ஓடையைப் பார்த்தபடி, ஆப்பு வைத்தாற்போலப் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் அந்த வழியாகப் போனாள். வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டாள். வேலை ஒன்றும் இல்லை. கல்லில் தன் பெயரைப் பார்க்கப் போனாள். குளத்து ஓரத்தில் புழு பொறுக்குகிற ஒரு கோழிக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதே அதுவரை யாருக்கும் பெரிதாகத் தோன்றியதில்லை. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

ஒரு விடியலில் மலைமேல் மேகம் திரண்டு இடித்தது. ஓடையில் புதுவெள்ளம் இறங்குகிறது என்று செய்தி வந்தது. காடே திரண்டு வாய்க்கால் வாய்க்கு ஓடியது. விழா ஏற்பாடு தடபுடலாக நடந்தது. கொம்பையாவுக்குக் காட்டுக்கொடி மாலை. சிங்காரம் தோகையை விரித்துக்கொண்டு பேச எழுந்தார். பேச்சில் வாய்க்கால் என்ற சொல் ஓரிடத்தில்கூட வரவில்லை. கல், கல்லின் உயரம், கல்லில் உள்ள பெயர், அந்தப் பெயருக்குரியவரின் பெருமை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோதே செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்துவிட்டது.

எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். யார் பெயர் முதலில் நனைகிறது?

தண்ணீருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அது வந்த வேகத்தில் எல்லாப் பெயர்மேலும் ஒன்றாக மோதியது. சளார் என்று தெறித்தது. பிறகு, இங்கே வழியில்லை என்று தெரிந்துகொண்டு, திரும்பி ஓடையோடு நேரே போய்விட்டது.

 இதுவும் விழாவில் ஒரு அங்கம் போலிருக்கிறது என்று நினைத்து ஓர் அணில் கை தட்டியது. கூட இன்னும் சிலர் தட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

செவந்தி அப்போதுதான் அந்த வாயை வாயாகப் பார்த்தாள். இத்தனை நாள் அங்கே அவள் பெயர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு சுவர் தெரிந்தது. அவளே வசூல் பண்ணி, அவளே தலையாட்டி, அவளே கட்டி வைத்த சுவர். அந்தப் பக்கம் வெள்ளம். இந்தப் பக்கம் பளிச்சென்று கூட்டிப் பெருக்கிய, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வாய்க்கால். 

கல்லை எடுத்தால் போயிற்று என்று அவள் சொன்னாள். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். எடுக்கத்தான் வேண்டும், ஆனால் பக்கத்துக் கல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். கொம்பையா, சிங்காரத்தின் கல்தான் இடைஞ்சல் என்றார். சிங்காரம், கொம்பையாவின் இரண்டு கல்லும்தான் இடைஞ்சல், ஒன்றையாவது எடுக்கலாம் என்றார். எலிகள், ஏழை என்றால் முதலில் எங்கள் கல்தான் கண்ணுக்குத் தெரியுமா என்று கூச்சல் போட்டன. இதை விசாரிக்க ஒரு கமிட்டி போடலாம் என்று ஆந்தை சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

செவந்தி மாயாண்டியைக் கெஞ்சினாள். மாயாண்டி வருத்தமாகத்தான் தலையை ஆட்டினார்.

"பயலுக சும்மா செய்ய மாட்டாங்க, தாயி. தூர் வாரக் கூலி வாங்கினோம், வாரிட்டோம். கல்லு தூக்குறது வேற வேல. அதுக்குத் தனிக் கூலி."

அதற்கு மறுபடி வசூல் பண்ண வேண்டும். வசூல் பண்ணினால் கொடுத்தவர்களுக்குக் கல் வைக்க வேண்டும். முத்திருளன் ஆசையோடு பல்லைத் தீட்ட ஆரம்பித்துவிட்டான்.  மலைவெள்ளம் சாயங்காலம்வரைகூட நிற்காது. இறங்கிவிட்டால் அடுத்த மழை என்றைக்கோ.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு ஆமை வந்து சேர்ந்தது. கமிட்டி உறுப்பினர்தான். மூச்சு வாங்கியது. நிதானமாக நிமிர்ந்து செவந்தியைப் பார்த்தது.

"முட்டையில விரிசல் விட்டுருச்சாம். கீரி கரையில வந்து உக்காந்திருக்காம். உடனே ஒங்ககிட்ட சொல்லச் சொல்லிக் காத்தான் அனுப்பினாரு."

"எப்ப சொன்னாரு?"

"காலையில," என்றது ஆமை.

இப்போது உச்சிவெயில்.

செவந்தி அதற்குமேல் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பறந்துபோய்க் கற்களுக்கு நடுவே விழுந்தாள். அடுத்தவர் கல்லைத் தொட்டால் சண்டை வரும். அவள் கேட்காமல் தொடக்கூடிய கல் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் 'செவந்தி' என்று எழுதியிருந்தது. ரொம்பப் பெரிய எழுத்தாக இல்லாமல், அழகாகத்தான் எழுதியிருந்தான்.

ஒரு நொடி அவளுக்குக் கால் வரவில்லை. பொய் சொல்லக் கூடாது, வலித்தது. பிறகு அலகால் குத்தினாள். நீளக் கால்விரல்களால் பிறாண்டினாள். சந்தில் எலிகள் செருகிய கூழாங்கல்லை உதறித் தள்ளினாள். தண்ணீர் முகத்தில் அடித்தது. கழுத்தை உள்ளே நுழைத்துத் தோளால் முட்டினாள். ஆப்புப்போல இருந்த கல் அசைந்தது. இன்னொரு முட்டு. கல் பெயர்ந்து ஓடைக்குள் விழுந்து, பெயரோடு போய்ச் சேர்ந்தது.

அது இருந்த பள்ளத்தின் வழியாக, முயல் காது அகலத்துக்கு ஒரு தண்ணீர் வாய்க்காலுக்குள் வழிந்தது. வழிந்த இடத்திலேயே மண் அதைக் குடித்துவிட்டது. இது குளத்துக்குப் போய்ச் சேர ஒரு வருஷம் ஆகும். செவந்தி நனைந்துபோய் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

யாரும் உதவிக்கு வரவில்லை. ஆனால் கொம்பையா மட்டும் கழுத்தை நீட்டி அந்தத் தண்ணீரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மொதத் தண்ணி இவ எடத்து வழியாவா உள்ள போச்சு?" என்றார் மெதுவாக. குரலில் பொறாமை பொங்கியது.

செவந்தியின் அழுகை பாதியில் நின்றது. அவள் தண்ணீரைப் பார்த்தாள். கொம்பையாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் வீடு வீடாக வசூலுக்கு அலைந்தவளுக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியாதா? நனைந்த சிறகை உதறிவிட்டு, தலையை நிமிர்த்திக்கொண்டாள்.

"ஆமா பெரியய்யா. மொதத் தண்ணி மரியாத எனக்குத்தான். எங்கல்லு இருந்த பள்ளத்துலதான் தண்ணி நொழஞ்சிருக்கு, எல்லாரும் பாத்துக்கங்க. கல்லு இருக்கிற எடத்துல தண்ணி எப்படி நொழையும்? ரெண்டாவது மரியாத யாருக்குன்னுதான் தெரியல. சிங்காரண்ணன் கல்லு கொஞ்சம் ஆடுற மாதிரி இருக்கு. அநேகமா அவருக்குத்தான்."

அவ்வளவுதான். கொம்பையா ஓர் உறுமல் உறுமிவிட்டுத் தன் கல்லில் கொம்பைக் கொடுத்தார். சிங்காரம் தோகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடி, தன் கல்லைத் தானே உதைத்தார். அசையவில்லை. கரடியைக் கூப்பிட்டார். கரடிக்கு நேரமில்லை, அது தன் கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சும்மா செய்யமாட்டோம் என்ற பன்றிகளை மரநாய் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, கேட்ட கூலிக்குமேல் தருகிறேன் என்று மன்றாடியது. எலிகள் வீட்டுக்கு ஒரு ஆளாகப் பாய்ந்து தங்கள் கூழாங்கற்களைப் பிடுங்கின. ஆந்தைகூடக் கமிட்டிக்குக் காத்திருக்கவில்லை.

"பாத்து எடுங்கய்யா, எழுத்து போயிரும்," என்று முத்திருளன் கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டான். கேட்பார் யாருமில்லை.

கொம்பையாவின் இரண்டாவது கல் புரண்டதும் மிச்சம் இருந்தவை தாமாகவே சரிந்தன. வெள்ளம் ஒரு மூச்சு இழுத்தாற்போல இருந்தது. அடுத்த கணம் அத்தனையும் ஒன்றாகத் திறந்து வாய்க்காலுக்குள் பாய்ந்தது. கொம்பையாவை அது உட்கார்ந்த நிலையில் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போனது. சிங்காரத்தின் தோகை ஈரத் துணியாகத் தொங்கியது. தண்ணீர் இரண்டாவதாக யார் பள்ளத்தில் நுழைந்தது என்று கடைசிவரை தெரியவே இல்லை.

செவந்தி எதையும் பார்க்க நிற்கவில்லை. தண்ணீருக்கு முன்னால் பறந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பாள். தண்ணீர் சருகையும் வண்டையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, வழியில் இருந்த பொந்துகளையெல்லாம் நிரப்பிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறமாதிரி சாவகாசமாக வரும். அவள் திரும்பி வந்து அதைத் திட்டுவாள். மறுபடி முன்னால் பறப்பாள்.

குளத்தில் கீரி பாதிச் சேற்றைத் தாண்டியிருந்தது. கூட்டின்மேல் காத்தான் இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு, அலகைத் திறந்தபடி நின்றிருந்தான். அவன் காலடியில் கரிக்கட்டைபோல ஒரு குஞ்சு, மண்டையில் ஓட்டுத் துண்டு ஒட்டியபடி தள்ளாடிக்கொண்டிருந்தது. கீரி ஓர் அடி வைத்தது. செவந்தி அதன் முகத்துக்கு நேரே பாய்ந்து சிறகால் அறைந்தாள். கீரி தலையைத் தாழ்த்திக்கொண்டது. விலகவில்லை. அதற்குப் பொறுமை அதிகம்.

அப்போது அதன் முன்னங்காலை ஏதோ தொட்டது. கீரி காலைத் தூக்கி உதறியது. பின்னங்கால் நனைந்தது. அதையும் தூக்கி உதறியது. நாலு காலையும் ஒரே நேரத்தில் தூக்க முடியாது என்று அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. சேறு இளகிக் கால் புதைந்தது. திரும்பிக் கரைக்குத் தாவி ஓடியது. கரையேறிப் பார்த்தால், கோரைப் புதருக்கும் அதற்கும் நடுவே செந்நிறத் தண்ணீர் விரிந்து பரந்து கிடந்தது.

ஒவ்வொரு குஞ்சாக ஓட்டை உடைத்து வந்தது. கூட்டின் விளிம்பில் நின்று கீழே பார்த்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே தண்ணீரில் குதித்தது. காத்தான் அன்றைக்குத்தான் கூட்டைவிட்டு எழுந்து காலை நீட்டினான். தண்ணீர் வந்துவிட்டது என்று செவந்தியிடம் சொன்னான். செவந்தி சிரித்தாள். இந்தத் தடவையும் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அதைத் துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

காடு முழுக்க அந்தக் குளத்தில் வந்து தண்ணீர் குடித்தது. இரண்டாவது மரியாதை யாருக்கு என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. கற்கள் எங்கே போய் எந்த மண்ணுக்குள் புதைந்தனவோ, ஒன்றும் அகப்படவில்லை. சில நாள் கழித்துக் கொம்பையா குளக்கரைக்கு வந்து, தன் பெயர் எங்கே என்று செவந்தியிடம் விசாரித்தார். தண்ணீருக்கு அடியில் எங்காவது இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் பெரியய்யா என்று அவள் மரியாதையாகச் சொன்னாள்.

கொம்பையா முன்னங்கால்களை மடித்துக் குனிந்து தேடினார். கல் தெரியவில்லை. தெளிந்த தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. கொம்பு இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து நிற்க, முத்திருளன் செதுக்கிய எந்தக் கல்லையும்விடப் பெரிதாகவே தெரிந்தது. அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூரண திருப்தியோடு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

பொதுக் காரியத்துக்குக் கொடுக்கிறவர் கொடுத்ததோடு ஒதுங்கி நிற்க வேண்டும். தன் பெயரைக் கொண்டுவந்து வழியில் வைத்தால், அவர் கொடுத்ததே அந்தக் காரியத்துக்குத் தடையாகிவிடும்.